நீருக்கும் ஒரு தோல் உண்டு

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்தைப் பற்றி அறியாத தமிழர் இலர். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஆளுயரச் செப்புக் கொப்பரையை நிறுத்தி, ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை அதில் வார்த்து, ஆயிரம் மீட்டர் அளவில் காடாத் துணியைத் திரியாக இட்டு, பர்வதராஜ குலத்தவர் மாலை வேளையில் தீபம் ஏற்றுகின்றனர். பதினொரு நாட்கள் இரவுதோறும் அச்சுடர் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் தெரிகின்றது. வயல் வரப்பில் நின்று அதனைக் கண்டு கைகூப்புவோர் பலர். ஆயினும், கொப்பரையின் அடியிலுள்ள நெய் சுடரின் வாய்க்கு எவ்வாறு ஏறி வருகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நெய் பாரமுள்ள பொருள்; மேலிருந்து கீழே வழிவதே அதன் இயல்பு. அங்கே பம்பு இல்லை, இறைப்பார் இல்லை. இருப்பினும் துணியிழை வழியே நெய் இடைவிடாது மேலேறிக்கொண்டே இருக்கின்றது.

இதே விசைதான் மழைக்குப் பின் மண்ணில் ஈரத்தைத் தாங்கி நிற்கின்றது; மலைச்சரிவின் மண்ணைச் சரியாமல் பிடித்து வைக்கின்றது; கொசுப்புழுவை நீரின் மேல் தொங்க விடுகின்றது. பயிருக்குத் தெளிக்கும் மருந்தை இலையில் ஒட்டவிடாமல் உருட்டித் தள்ளுவதும் இதுவே. விஞ்ஞானிகள் இதனைப் பரப்பு இழுவிசை என்பர். கிராமத்தில் வாழும் நாம் இதன் போக்கை அறிந்து வைத்திருப்பது எவ்வளவு பயனுடையது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நீர் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மூலக்கூறுகளின் கூட்டம். அம்மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையவை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய குடும்பம் ஒன்று பிரிந்துவிடாதபடி கைகோத்து நடப்பதை மனத்திற் கொள்வோம். நடுவே நடக்கும் சிறுவனை வலத்திலிருந்தும் இடத்திலிருந்தும், முன்னும் பின்னும் கைகள் பற்றியுள்ளன. ஆகவே அவன் எப்பக்கமும் சாய்வதில்லை. ஓரத்தில் நடப்பவருக்கோ வெளிப்புறத்தில் பற்றுவார் யாரும் இல்லை. அவரை இழுக்கும் கைகள் அனைத்தும் உட்புறத்தில்தான் உள்ளன. நீரின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளின் நிலையும் இதுவே. மேலே இருப்பது காற்று. அது இழுப்பது மிகச் சொற்பம். எனவே பரப்பிலுள்ள நீர் உள்நோக்கி இழுக்கப்பட்டு, தன் பரப்பை இயன்றவரை சுருக்கிக்கொள்ள முயல்கின்றது. இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல் அது நடந்துகொள்கின்றது. மழைத்துளி உருண்டையாக இருப்பதற்கும் காரணம் இதுவே. குறிப்பிட்ட அளவு பொருளை மிகக் குறைந்த பரப்புக்குள் அடக்கும் வடிவம் உருண்டையன்றோ?

இத்தோலின் வலிமை எவ்வளவு என்று கேட்டால் விடை வியப்பளிக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள கோட்டின் குறுக்கே நீர்ப்பரப்பு இழுக்கும் விசை ஏறக்குறைய 7 கிராம் எடைக்குச் சமம், அவ்வளவே. மாட்டையோ மனிதனையோ தாங்க இது எதற்கும் போதாது. ஆனால் பொருள் சிறிதாகச் சிறிதாகக் கணக்கு மாறிவிடுகின்றது. ஒரு பொருளை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நீரைத் தொடும் அதன் விளிம்போ பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே யானைக்கு ஒன்றுமில்லாத இத்தோல், எறும்புக்கு ஏற்ற படகாகவும் கொசுப்புழுவுக்குக் கூரையாகவும் மணற்பொடிக்குச் சங்கிலியாகவும் விளங்குகின்றது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு குவளையில் விளிம்பு தட்டும்வரை நீர் வார்த்து, அதில் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக மெல்ல நழுவ விடுங்கள். வழிந்துவிடும் என்று நினைக்கும்போது வழியாது. விளிம்புக்கு மேல் நீர் வளைந்து புடைத்து நிற்கும். விரலில் சிறிது எண்ணெயைத் தடவி ஒரு தையல் ஊசியின் மீது பூசி, அதனைப் படுக்கை வசமாக நீரின் மேல் வைத்தால் ஊசி மூழ்காமல் கிடக்கும். உற்று நோக்கினால் அதனடியில் நீர்ப்பரப்பு, பாயின் மீது குழந்தை படுத்தாற்போல் சற்றே குழிந்திருப்பதைக் காணலாம். பின்னர் தட்டின் ஓரத்தில் சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். ஊசி கணத்தில் மூழ்கிவிடும். சோப்பு அத்தோலைத் தளர்த்திவிட்டது. இச்சிறு சோதனையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். பாடநூலின் பத்துப் பக்கங்களைவிட அது நெஞ்சில் நிற்கும்.

இனித் திரியின் செய்திக்கு வருவோம். நீர் தன்னைத் தானே பற்றிக்கொள்வது போலவே கண்ணாடி, மண், பஞ்சு முதலிய சில பொருள்களையும் பற்றும். குறுகிய குழாய் ஒன்றின் சுவரைப் பற்றிக்கொண்டு நீர் சிறிது ஏறினால், அதன் மேற்றோல் நடுவிலுள்ள நீரையும் கூடவே இழுத்துக்கொண்டு ஏறுகின்றது. உள் விட்டம் 1 மில்லிமீட்டர் உள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் அதில் பத்தில் ஒரு பங்கானால் 30 சென்டிமீட்டர் ஏறும். துளை எவ்வளவு குறுகலோ, ஏற்றம் அவ்வளவு அதிகம். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். முறுக்கிய துணியில் இழைக்கும் இழைக்கும் இடையே உள்ள சந்துகளே இத்தகைய நுண்புழைகள். எண்ணெய், நெய் ஆகியவற்றின் இழுவிசை நீரினுடையதில் பாதிக்கும் குறைவேயாயினும், சுடருக்கு ஊட்டமளிக்க அது போதுமானது. மலையுச்சியின் குளிரில் உறைந்து கிடக்கும் நெய்யைச் சுடரின் வெப்பம் உருக்க, உருகியது திரியில் ஏற, ஏறியது எரிய, அவ்விடத்திற்கு மேலும் நெய் வருகின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. திரிக்கு வெளுத்த துணியை விட்டுக் காடாத் துணியைத் தேர்ந்தெடுத்த முன்னோர் விவரம் அறிந்தவர்களே. வெளுக்காத பருத்தி இழையின் மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. அது நீரை ஒதுக்கும். எண்ணெயையோ விரும்பி ஏற்கும். மருத்துவமனைப் பஞ்சு நீரைச் சட்டென்று உறிஞ்சுவதற்குக் காரணம், அதிலிருந்து அம்மெழுகு நீக்கப்பட்டதேயாகும். ஈரம் பட்ட திரி படபடவென்று வெடித்துச் சரியாக எரியாமற் போவதை நம் இல்லங்களில் காண்கின்றோம். இழைச்சந்துகளை நீர் முன்னரே பிடித்துக்கொண்டால் எண்ணெய்க்கு வழி கிடைப்பதில்லை. திரியை மிக இறுக்கி முறுக்குவதும் தவறு. சந்துகள் அளவுக்கு மீறிக் குறுகினால் எண்ணெய் உயர ஏறுமேயன்றி விரைந்து ஏறாது. சுடர் பசியால் மங்கும்.

நிற்க. மண்ணும் ஒரு திரிதான். மண்பொடிகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் நீர் ஏறுகின்றது, தங்குகின்றது. மணற்பாங்கான நிலத்தில் சந்துகள் பெரியவை. நீர் சிறிதளவே ஏறும். களிமண்ணில் சந்துகள் மிகச் சிறியவை; நீர் நெடுந்தூரம் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். திருவண்ணாமலை மாவட்டத்தின் செம்மண் புன்செய்களில் நிலக்கடலை பயிரிடும் உழவர்கள், மழை பெய்து ஓய்ந்ததும் களைக்கொத்து எடுத்துக் கொத்திவிடுவது வழக்கம். மேல்மண்ணைப் பொலபொலவென்று செய்தால் நுண்புழைகள் அறுந்து, அடியிலுள்ள ஈரம் மேலேறி ஆவியாவது குறையும் என்பது இதன் கருத்து. இதில் உண்மை உண்டு. எனினும் நீரைத் திருடும் களை அழிவதே கொத்துவதால் விளையும் பெரிய நன்மை என்பது நம் எண்ணம். ஈரத்தைக் காக்க அதனினும் சிறந்தது வைக்கோல், சருகு, கடலைத் தோல் ஆகியவற்றைக் கொண்டு மூடாக்கு இடுவதாகும். ஏரிக்குக் கீழுள்ள தாழ்ந்த நிலங்களில் இவ்வேற்றமே பகையாகவும் மாறும். நிலத்தடி நீர் மேலேறி ஆவியாகும்போது தான் சுமந்து வந்த உப்பை மேலேயே விட்டுச் செல்கின்றது. காலப்போக்கில் நிலம் களராகின்றது. அங்கே வடிகால் வெட்டுவதே முதல் மருத்துவம்.

மண்ணில் நீர் ஏறுவதைவிட நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலர்ந்த மணலைக் கையால் பிடித்தால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். சிறிதளவு நீர் தெளித்துப் பிசைந்தால் அதே மணலில் குழந்தைகள் கோபுரம் கட்டுகின்றனர். மேலும் மேலும் நீர் வார்த்தால் கோபுரம் கரைந்து ஓடுகின்றது. இதன் மர்மம் யாது? சிறிதளவு ஈரம் உள்ளபோது, மணலும் மணலும் தொடும் இடங்களில் நீர் சிறு வளையங்களாகத் தங்கி நிற்கின்றது. அவ்வளையங்களைச் சுற்றிக் காற்று இருக்கின்றது. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தானே தோல் உண்டாகும்? அத்தோல்கள் மணற்பொடிகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுகின்றன. நீர் மிகுந்து சந்துகள் முழுவதும் நிரம்பிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காற்று இல்லையேல் தோலும் இல்லை. தோல் இல்லையேல் கட்டும் இல்லை. அதுமட்டுமன்று. தேங்கிய நீரின் அழுத்தம் மண்பொடிகளை ஒன்றினின்று ஒன்று தள்ளிப் பிரிக்கின்றது. மண்ணின் பாரமும் கூடுகின்றது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதன் விளைவாகத் திருவண்ணாமலையிலும் பெருமழை கொட்டியது. மறுநாள் டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்து வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மீது விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். தீபத் திருநாளுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. மலையின் நிலையை வல்லுநர் குழு ஆராய்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டபோது, பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை, நெய், திரி ஆகியவற்றைச் சுமப்போரும் பணியாளரும் மட்டுமே மேலே சென்றனர்.

மலைச்சரிவுக்குக் காரணங்கள் பல. சரிவின் சாய்வு, பாறையின் விரிசல், மரங்களின் நிலை, அடிவாரத்தில் மண் வெட்டப்பட்டமை, மழையின் கடுமை எனப் பலவும் சேர்ந்தே அத்தகைய கேடு விளைகின்றது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற மண், ஒரே மழையில் குழம்பாகி இறங்குவது ஏன் என்ற வினாவுக்கு, மேற்கூறிய நீர்த்தோலின் மறைவு முக்கியமான விடையாகும். அரை ஈரமாக இருந்தவரை மண்ணைக் கட்டி வைத்த அதே நீர்தான், அளவு மிஞ்சியதும் கட்டை அவிழ்த்துவிடுகின்றது. ஆகவே, ‘இத்தனை ஆண்டு நின்ற மேடு இனியும் நிற்கும்’ என்று வாதிப்பது பொருந்தாது. அது நின்றதெல்லாம் உள்ளே காற்று இருந்த காலத்தில்.

இதனால் மலையோரத்திலும் மேட்டு ஓரத்திலும் வாழ்வோர் கவனிக்க வேண்டியவை தெளிவாகின்றன. வீடு விரிவாக்குவதற்காகச் சரிவின் அடிமண்ணை வெட்டக்கூடாது. மேலிருந்து வரும் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடுவதற்கு வாய்க்கால் அமைத்து, மழைக்காலத்திற்கு முன்பே அதைத் தூர்வார வேண்டும். வீட்டுக் கழிவுநீரைச் சரிவில் விடுவது, மேட்டின் கட்டை நாமே அவிழ்ப்பதற்கு ஒப்பாகும். புல்லையும் புதரையும் மரத்தையும் சரிவிலிருந்து அகற்றலாகாது. தொடர்மழையின்போது நிலத்தில் புதிய வெடிப்பு தோன்றினாலோ, மரமோ கம்பமோ சாயத் தொடங்கினாலோ, இதுவரை நீர் வராத இடத்தில் கலங்கிய ஊற்று கிளம்பினாலோ, பொருள்களை எடுக்க நில்லாமல் வெளியேறிவிட வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நலம்.

சுவர் என்றதும் மண்சுவர் நினைவுக்கு வருகின்றது. அதுவும் மேற்கூறிய விதிக்கு உட்பட்டதே. வெயிற்காலத்தில் இரும்பு போல் நிற்கும் மண்சுவர், அடியிலிருந்து ஈரத்தைத் திரி போல் உறிஞ்சி, கூரை ஒழுக்கினால் மேலிருந்தும் நனைந்தால், ஓரிரவில் உட்கார்ந்துவிடும். உயரமான கடைக்கால் மேடையும், வெளியே நன்கு நீண்ட இறவாரமும் இருந்தால் மண்சுவர் பல தலைமுறை நிற்கும். அவை இல்லாத பழஞ்சுவரின் ஓரத்தில் அடைமழை இரவுகளில் பாய் விரிக்க வேண்டாம்.

மழை பெய்த பின் மேடு அஞ்சத்தக்கதாவது போலவே பள்ளமும் அஞ்சத்தக்கதாகின்றது. திருவண்ணாமலையில் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே ஐயங்குளமும் தாமரைக்குளமும் உள்ளன. இக்குளங்களின் மேல் நீண்ட கால்களை ஊன்றி வழுக்கி ஓடும் பூச்சிகளைப் பார்த்திருப்போம். காலில் நீர் ஒட்டாத நுண்மயிர் இருப்பதால் அவை நீர்த்தோலைக் கிழிக்காமல் அதன் மேல் நடக்கின்றன. இவற்றால் நமக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் செய்பவை, தோலின் மேல் நடப்பவை அல்ல. தோலின் அடியில் தொங்குபவை.

கொசுப்புழு நீரில் வாழ்ந்தாலும் காற்றையே சுவாசிக்கின்றது. கழிவுநீரில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழுவுக்கும், நன்னீரில் பெருகி டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவுக்கும் வாற்பக்கத்தில் ஒரு மூச்சுக்குழல் உண்டு. அக்குழலின் நுனியில் நீர் ஒட்டாத சிறு மடல்கள் உள்ளன. புழு மேலே வந்ததும் மடல்கள் மலர் போல் விரிந்து நீர்த்தோலைப் பற்றிக்கொள்கின்றன. புழு தலைகீழாகத் தொங்கியபடி மூச்சு வாங்குகின்றது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் புழுவுக்கு இக்குழல் இல்லை. அது விசிறி போன்ற மயிர்களால் தோலைப் பற்றிக்கொண்டு, பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். எனவே, தொட்டியில் புழு தொங்குகின்றதா, படுத்திருக்கின்றதா என்பதைப் பார்த்தே ஓரளவு இனங்காணலாம். அனாபிலஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்தார் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

கொசு முழு வளர்ச்சியடைந்து கூட்டிலிருந்து வெளிவரும்போதும் அந்நீர்த்தோலின் மேல் நின்றுதான் சிறகை உலர்த்துகின்றது. ஆகவே அதன் வாழ்வு முழுவதும் இத்தோலை நம்பியிருக்கின்றது என்று கூறினால் மிகையாகாது. தோலைத் தளர்த்தினால் கொசு அழியும். நீரின் மேல் எண்ணெய் ஊற்றினால் நேர்வது இதுவே. மூச்சுக்குழலின் மடல்கள் பிடிமானம் இழக்கின்றன. எண்ணெய் குழலுக்குள் புகுந்து மூச்சை அடைக்கின்றது. 1904 முதல் பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில், மருத்துவர் கோர்காஸ் என்பவர் குட்டைகளில் எண்ணெய் தெளிக்கச் செய்ததும் கொசு ஒழிப்பின் ஒரு பகுதியாகவே.

சிறிதளவு எண்ணெய் எவ்வளவு தூரம் பரவும் என்பதை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் சோதித்து 1774-இல் வெளியிட்டார். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பில் பரவி அலைகளை அடக்கிவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரை நான்கு லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் அளவே. இதைப் படித்துவிட்டு அன்பர்கள் யாரும் கோயிற் குளத்திலோ குடிநீர்த் தொட்டியிலோ எண்ணெய் ஊற்றக் கிளம்பிவிட வேண்டாம். எண்ணெய் மீனுக்கும் மனிதருக்கும் ஆகாது. பெரிய நீர்ப்பரப்பில் காற்று அதனை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும். வேறு வழியில்லாத கழிவுநீர்த் தேக்கங்களுக்கே அது உரியது. அங்கும் சுகாதாரப் பணியாளரின் மேற்பார்வையில், வாரந்தோறும் தெளித்தால்தான் பயன் தரும். குளங்களுக்கு மீனே தக்க காவல். வாய் மேல்நோக்கி அமைந்த கம்பூசியா மீன் நீர்த்தோலின் அடியில் தொங்கும் புழுக்களைக் கொத்தித் தின்பதற்கென்றே பிறந்தது போன்றது. 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த அயல் மீன், நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தின்றுவிடுவதால், ஏரிகளிலும் ஆறுகளிலும் விடாமல் அடைப்புள்ள தொட்டி, பயன்படாத கிணறு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நன்று.

உண்மையில் டெங்குக் கொசு குளத்தை நாடி வருவதேயில்லை. குழாய்நீர் நாள்விட்டு நாள் வரும் வீடுகளில் நாம் பிடித்து வைக்கும் அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி ஆகியவையே அதற்குக் குளம். தீபத்திற்கு வந்து செல்லும் பல லட்சம் மக்கள் வீசியெறியும் குவளைகளும் தேங்காய்ச் சிரட்டைகளும் கார்த்திகை மழையில் நிரம்பினால் அவையும் குளங்களே. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீரில் இடுவதில்லை; நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கின்றது. அம்முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடித்தால் பயனில்லை. வாரத்திற்கு ஒரு நாள், உட்சுவரைத் தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பின்னரே நீர் பிடித்துத் துணியால் வாய்கட்டி மூட வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் பிடிக்கும் என்பதால்தான் வாரம் என்ற கணக்கு. வீடு தேடி வந்து தொட்டியில் மருந்து விடும் பணியாளரிடம் சிலர் கதவைச் சாத்துவதாகக் கேள்விப்படுகின்றோம். அவர்கள் வருவது நம் தொட்டியைப் பார்க்க அன்று. நம் பிள்ளைகளைக் காக்க.

நீர்த்தோலைப் பற்றி இன்று உலகம் அறிந்தவற்றில் ஒரு பெரும் பகுதி சமையலறை ஒன்றில் தொடங்கியது என்பதை மாதர்கள் அறிந்தால் மகிழ்வர். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண்மணிக்குப் பல்கலைக்கழகக் கல்வி கிட்டவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டே, பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பசையும் சோப்பும் புரியும் விளையாட்டை அவர் கவனித்தார். ஒரு தகரத் தொட்டியைக் கருவியாக்கி, பரப்பின் இழுவிசையைத் தாமே அளந்தார். 1891-இல் அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதத்தை அப்பெரியார் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, அது அச்சாயிற்று. பிற்காலத்தில் இத்துறையில் நோபல் பரிசு பெற்ற லாங்முயரின் கருவி, அத்தகரத் தொட்டியின் வழி வந்ததேயாகும்.

சோப்பு அழுக்கைப் போக்கும் வகை இப்போது எளிதில் விளங்கும். தனி நீர் தன்னைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதால், எண்ணெய்ப் பிசுக்கேறிய துணியின் இழைகளுக்குள் புகத் தயங்குகின்றது. சோப்பு கலந்தவுடன் அதன் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்குகின்றது. நீர் பரவிப் புகுந்து அழுக்கைப் பிரித்தெடுக்கின்றது. நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்த சீயக்காயிலும், பட்டுத் துணி துவைத்த பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைப்பொருள் செய்யும் வேலையும் இதுவே.

இதே உபாயத்தை உழவர்கள் வயலிலும் கையாளலாம். நிலக்கடலை, தாமரை, சேம்பு முதலியவற்றின் இலைகளின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. மழைத்துளி அவற்றின் மேல் முத்துப் போல் உருண்டு விழும். பார்வைக்கு அழகுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய மருந்தும் அவ்வாறே உருண்டு மண்ணில் விழுந்தால் யாருக்கு லாபம்? கடலையில் சுருள் பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கும் சிலர், ‘தெளித்தும் பயனில்லை’ என்று குறை கூறுவர். பல இடங்களில் குறை சாற்றில் இல்லை. சாறு இலையில் தங்கவில்லை.

ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கிக்கொள்க. அதில் லிட்டருக்கு 1 கிராம் வீதம் 200 கிராம் காதி சோப்பைத் தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். மிகுதியாகச் சேர்த்தால் இலை கருகும். மாலை வேளையில், இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளிப்பது நல்லது. தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன் ஒரு கடலைச் செடியின் இலையில் அக்கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு ஓடினால் சோப்பு சரியாகக் கரையவில்லை என்று பொருள். மறுபடி நன்றாகக் கலக்க வேண்டும். இலையோடு இலையாகப் படர்ந்து அது தங்கிவிட்டால் தெளிக்கத் தொடங்கலாம்.